திறக்க மறுக்கும் தளம்: வேறு பிரவுசருக்கு மாறுவதா, தளத்தை ஏமாற்றுவதா, பழைய எக்ஸ்ப்ளோரரை எழுப்புவதா?

வழக்கமாகப் பயன்படுத்தும் பிரவுசரில் ஒரு தளம் சரியாக வரவில்லை. பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. அல்லது "உங்கள் பிரவுசருக்கு ஆதரவு இல்லை" என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அதுவும் இல்லாவிட்டால் வெறும் வெள்ளைப் பக்கம். பெரும்பாலோர் உடனே வேறொரு பிரவுசரைத் திறந்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு அது போதும். அதே தளத்துக்கு வாராவாரம் போக வேண்டும் என்றாலோ, எந்தப் பிரவுசரிலும் அது திறக்கவில்லை என்றாலோதான் மற்ற வழிகளை எடைபோட வேண்டியிருக்கிறது.

எடைபோட நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு தளத்துக்காக நாம் தளர்த்தும் பாதுகாப்பு அந்தத் தளத்தோடு நிற்கிறதா, மொத்தப் பிரவுசருக்கும் பரவுகிறதா? மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, வருமான வரி எல்லாம் ஒரே பிரவுசரில்தான் நடக்கின்றன. அலுவலகத்தில் இருக்கும் ஒரு பழைய பக்கத்துக்காக அந்த எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைக்கக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் நம் பக்கம்

தளத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். குரோமில் இன்காக்னிட்டோ, பயர்ஃபாக்ஸில் பிரைவேட் விண்டோ. நாம் தனியாக அனுமதி தந்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது; பழைய குக்கீகளும் இருக்காது. அங்கே தளம் ஒழுங்காக வந்தால் சிக்கல் விளம்பரத் தடுப்பானிலோ கெட்டுப்போன குக்கீயிலோதான். தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தலாம். முகவரிப் பட்டியின் இடது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தி அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் அழிக்கலாம். மொத்த ஹிஸ்டரியையும் குக்கீகளையும் அழிக்கச் சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் பார்க்கலாம். அதற்கு அவசியமே இல்லை. எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, கடவுச்சொற்களைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

பயர்ஃபாக்ஸில் கேடயக் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் கண்காணிப்புத் தடுப்பை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிரைவேட் விண்டோவில் பயர்ஃபாக்ஸின் தடுப்பு வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும். அதனால் அங்கேயும் தளம் திறக்காவிட்டால், "அப்படியானால் தடுப்பு காரணமில்லை" என்று முடிவு கட்ட முடியாது. கேடயத்தைத் தளர்த்தியும் பார்த்துவிட வேண்டும்.

இந்த வகைக் கோளாறு ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தின் குக்கீயை அனுமதிக்கும் விஷயத்தில் பிரவுசர்கள் வெவ்வேறு திசையில் போய்விட்டன. சஃபாரி 2020 மார்ச்சில் இவற்றை முழுவதும் தடுத்தது. பயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனிப் பெட்டியில் அடைக்கும் முறையை எல்லோருக்கும் இயல்பாக்கியது. குரோம் 2020-ல் இதே வழிக்கு வருவதாக அறிவித்துவிட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே உள்நுழைவை வேறொரு நிறுவனத்தின் சட்டகத்துக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) வைத்து, குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிட்ட தளம், சஃபாரியில் "மீண்டும் உள்நுழையவும்" என்று சுற்றிச் சுற்றி வரும். பிரவுசர் பழுதாகவில்லை. அது நம்மைக் காக்கிற வேலையைச் செய்கிறது, அந்த வேலையைத் தளம் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் செலுத்தும் பக்கம் திறக்காமல் நின்றால் பாப்-அப் தடுப்பையும் பாருங்கள். முகவரிப் பட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி வந்திருக்கும், பலர் கவனிப்பதில்லை.

செலவில்லாத வழி இது. தளர்வும் ஒரே தளத்தோடு நிற்கிறது. எப்போதும் இதில்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு பிரவுசர் என்றால் இன்னொரு எஞ்சின்

வேறு பிரவுசரை முயலும்போது பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் எஞ்சினை, அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் நிரலை, பாருங்கள். இன்று பரவலாக இருப்பவை மூன்று: கூகுளின் பிளிங்க், மொசில்லாவின் கெக்கோ, ஆப்பிளின் வெப்கிட். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகிய எல்லாவற்றிலும் ஓடுவது பிளிங்க். குரோமில் வராத பக்கத்தை பிரேவில் போட்டுப் பார்ப்பதால் பெரும்பாலும் பலன் இருக்காது. கணினியில் ஒரு பிளிங்க் பிரவுசரும் பயர்ஃபாக்ஸும் இருந்தால் போதும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் ஐபோனில் குரோமையோ பயர்ஃபாக்ஸையோ நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். வேறு எஞ்சினுக்கு ஆப்பிள் 2024-ல் வழிவிட்டது ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டத்தின் கட்டாயத்தால், அப்போது அந்த நாடுகளுக்கு மட்டும். சஃபாரியில் உடையும் தளத்துக்கு ஐபோனிலேயே பரிகாரம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கணினிக்குப் போய்விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு: தளம் புதியது, கருவி பழையது. விண்டோஸ் 7 கணினிக்குக் கிடைக்கும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. பயர்ஃபாக்ஸில் 115-ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பழைய ஆண்ட்ராய்டு போன்களில், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் பிழை வந்து பல தளங்கள் திறக்காமல் போகும், 7.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டில், தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் புதிய மூலச் சான்றிதழ் இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் போன்களில் பயர்ஃபாக்ஸ் உதவுவதற்குக் காரணம் இருக்கிறது: அது போனின் சான்றிதழ் பட்டியலை நம்பாமல் தன் சொந்தப் பட்டியலைக் கொண்டு வருகிறது.

இரண்டாவது பிரவுசரை வைத்துக்கொள்வதென்றால் அதைச் சுத்தமாக வைத்திருங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், கடவுச்சொற்களை அங்கே சேமிக்க வேண்டாம். பிடிவாதமான தளங்களுக்கு மட்டும் அது. நம் அளவுகோலின்படி இந்த வழிக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் தளத்தை நடத்துபவரின் கணக்கில் நீங்களும் ஒரு குரோம் வாடிக்கையாளராகவே பதிவாகிறீர்கள். "பயர்ஃபாக்ஸில் யாரும் வருவதில்லையே" என்று அவர் சொல்ல அதுவே சாக்காகிவிடும். ஒரே பிரவுசருக்காக எழுதும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் பார்த்தாயிற்று. 2001-ல் ஆறாம் பதிப்பு வந்தது. போட்டியில்லாததால் ஏழாம் பதிப்பு வர 2006 ஆனது. அந்த ஐந்து வருடத் தேக்கத்தில் எழுதப்பட்ட பக்கங்களோடுதான் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தளத்திடம் வேறு பெயர் சொல்வது

ஒவ்வொரு முறை ஒரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் தான் யார் என்று ஒரு வரி அனுப்புகிறது. யூசர் ஏஜென்ட் என்பது அதுதான். சில தளங்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, பிரவுசரால் உண்மையில் முடியுமா முடியாதா என்று பார்க்காமலே கதவைச் சாத்திவிடுகின்றன. அப்போது அந்த வரியை மாற்றி அனுப்பினால் எல்லாம் சரியாக ஓடும்.

ஏமாற்று வேலை என்று தயங்க வேண்டாம். பிரவுசர்கள் தோன்றிய நாளிலிருந்தே இதைச் செய்துவருகின்றன. 1990-களில் நெட்ஸ்கேப் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது. அந்தப் பெயரைப் பார்த்த தளங்கள்தான் புதுவகைப் பக்கங்களை அனுப்பின என்பதால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை மொசில்லா என்றது. இன்று குரோம் அனுப்பும் வரியில் மொசில்லா, ஆப்பிள் வெப்கிட், கெக்கோ, சஃபாரி எல்லாப் பெயரும் இருக்கின்றன. 2009-ல் ஓபரா பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை ஒன்றாம் பதிப்பு என்று நினைத்த தளங்களுக்காகத் தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. விவால்டி 2019 இறுதியில் தன் பெயரையே அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டு குரோம் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. பயர்ஃபாக்ஸுக்கு வந்த சங்கடம் இன்னும் விசித்திரமானது. 110-லிருந்து 119 வரையான பதிப்பெண்களின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்துவிட்டு, இது பழைய எக்ஸ்ப்ளோரர் 11 என்று சில தளங்கள் தவறாக எடுத்துக்கொள்ளும் நிலை. அதனால் அந்த வரியின் ஒரு பகுதியை 119 வரைக்கும் 109 என்றே நிறுத்தி வைத்தார்கள்.

பயர்ஃபாக்ஸில் இந்த வேலையை மொசில்லாவே ஓரளவு செய்துவைத்திருக்கிறது. முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் அபவுட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, காம்பேட் என்று சேர்த்து அடித்தால் ஒரு பட்டியல் வரும். எந்தெந்தத் தளங்களுக்குப் பெயரை மாற்றிச் சொல்கிறது, எவற்றில் சிறு ஒட்டு வேலை செய்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் இல்லாத தளத்துக்கு குரோம் மாஸ்க் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. எந்தத் தளத்தில் அழுத்துகிறோமோ அதற்கு மட்டும் குரோம் வேடம் போடும். எல்லாத் தளங்களுக்கும் ஒரே பெயரை அனுப்பும் எக்ஸ்டென்ஷன்களைவிட இதைத்தான் பரிந்துரைப்பேன். சொல்லும் பெயரும் எஞ்சினின் நடத்தையும் பொருந்தாவிட்டால் ரோபோ சோதனை வைக்கும் தளங்கள் சந்தேகப்படும். "நீங்கள் மனிதரா" என்ற பக்கத்திலிருந்து மீளவே முடியாது. சஃபாரியில் டெவலப் மெனுவை இயக்கினால் அதிலேயே பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. போனில் "டெஸ்க்டாப் சைட்" என்று கேட்பதும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்.

எப்போது இது பலிக்காது? தளத்துக்கு உண்மையிலேயே பிளிங்கில் மட்டும் இருக்கும் வசதி தேவைப்படும்போது. உதாரணத்துக்கு, போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து பிரவுசர் வழியாகவே கிராஃபீன்ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வகை இயங்குதளத்தை நிறுவும் பக்கம் வெப்யூஎஸ்பி என்ற வசதியை நம்பியிருக்கிறது. பாதுகாப்புக் காரணத்தால் மொசில்லா அதை ஏற்கவில்லை. பயர்ஃபாக்ஸ் தன்னைக் குரோம் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த வசதி வந்துவிடாது. "ஆதரவு இல்லை" என்ற செய்தி போய், அழுத்தினால் வேலை செய்யாத பட்டன் வந்தால், புரிந்துகொள்ளுங்கள்: இங்கே இரண்டாவது பிரவுசர்தான் வழி.

எட்ஜின் எக்ஸ்ப்ளோரர் பயன்முறை

கடையிலோ வீட்டிலோ பழைய சிசிடிவி ரெக்கார்டர் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி உதவும். கணினியில் ரெக்கார்டரின் முகவரியை அடித்தால் உள்நுழைவுப் பக்கம் வரும், படம் வராது. படத்தைக் காட்டுவது ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைநிரல். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும். பழைய அலுவலக மென்பொருள்கள், வங்கிகளின் உள்வலைப் பக்கங்கள் (நிறுவனத்துக்குள் மட்டும் திறப்பவை) பலவும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன. முந்தைய வழிகள் எதுவும் இங்கே உதவாது.

மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் எக்ஸ்ப்ளோரருக்கு ஆதரவை நிறுத்தியது. 2023 பிப்ரவரி 14-ல் பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் எட்ஜ் அப்டேட் மூலம் அதை நிரந்தரமாக முடக்கியது. ஆனால் அதன் எஞ்சினான டிரைடென்ட் விண்டோஸில் இன்னும் இருக்கிறது. எட்ஜுக்குள் ஒரு டேபில் அதை ஓடவிடுவதுதான் எக்ஸ்ப்ளோரர் பயன்முறை. குறைந்தது 2029 வரை இது இருக்கும் என்றும், நிறுத்துவதற்கு ஒரு வருடம் முன்பே சொல்வோம் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. விண்டோஸில் மட்டும்தான். மேக், லினக்ஸ் எட்ஜில் கிடையாது.

எட்ஜ் செட்டிங்ஸில் டீஃபால்ட் பிரவுசர் என்ற பகுதிக்குப் போய், தளங்களை எக்ஸ்ப்ளோரர் பயன்முறையில் ஏற்ற அனுமதி கொடுங்கள். அப்புறம் அங்கேயே இருக்கும் பட்டியலில் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேர்த்து, பிரவுசரை மூடித் திறங்கள். சேர்த்த முகவரி 30 நாளில் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மறுபடி சேர்க்க வேண்டும். பல கணினிகள் இருக்கும் அலுவலகத்தில் நிர்வாகி பட்டியலை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான விதியாக வைத்துவிடலாம், அதற்கு இந்தக் கெடு இல்லை.

முன்பு இவ்வளவு சுற்றில்லை. மெனுவில் ஒரு சொடுக்கில் எந்தப் பக்கத்தையும் எக்ஸ்ப்ளோரர் பயன்முறைக்கு மாற்றலாம். 2025 ஆகஸ்டில் தாக்குதல்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வதாக எட்ஜ் குழுவுக்குத் தெரிய வந்தது. போலித் தளத்துக்கு ஆட்களை வரவழைத்து, "எக்ஸ்ப்ளோரர் பயன்முறையில் மறுபடி திறங்கள்" என்று நம்பவைத்து, பழைய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிக்குள் நுழைந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நிறுவனக் கணினிகள் அல்லாதவற்றில் அந்த எளிய பட்டன்களை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. முகவரியை நாமே கைப்பட எழுதிச் சேர்த்தால்தான் இனி முடியும். எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. சலுகை ஒரு முகவரியோடு நிற்க வேண்டும், யோசித்துத் தர வேண்டும், தானாகக் காலாவதியாக வேண்டும்: மூன்றும் இதில் இருக்கின்றன. எந்தத் தளமாவது தன்னை எக்ஸ்ப்ளோரர் பயன்முறையில் திறக்கச் சொல்லிக் கேட்டால், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உள்வலைப் பக்கமாக இல்லாதவரை, உடனே வெளியேறிவிடுங்கள்.

சிசிடிவிக்கே திரும்பினால், அதற்குப் பிரவுசரையே தவிர்ப்பது இன்னும் நல்ல வழி. பெரும்பாலான ரெக்கார்டர்கள் ஆர்டிஎஸ்பி என்ற முறையில், வழக்கமாக 554-ஆம் போர்ட்டில், படத்தை அனுப்பும். விஎல்சி வீடியோ பிளேயரில் நெட்வொர்க் ஸ்ட்ரீம் திறக்கும் இடத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் ஆக்டிவ்எக்ஸ் இல்லாமலே படம் வரும். முகவரியின் வடிவம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கையேட்டில் இருக்கும். எந்த வழியில் பார்த்தாலும் சரி, வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து ரெக்கார்டரை இணையத்துக்கு நேரடியாகக் காட்டாதீர்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய தளங்களை முடக்கப் பயன்படுத்தியது.

டிஜிட்டல் கையொப்பத்துக்கு யூஎஸ்பி டோக்கன் பயன்படுத்தும் கணக்காளர்கள், ஒப்பந்ததாரர்கள் இதே பயன்முறையைத்தான் முதலில் தேடுவார்கள். முன்பு, பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரல்களின் காலத்தில் அது பொருந்தியது. இப்போது ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்கள் நம் கணினியிலேயே ஒரு சிறு நிரலை நிறுவச் சொல்கின்றன. கையொப்பமிட பிரவுசர் அந்த நிரலோடு பேச வேண்டும். அது நடக்காவிட்டால் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்து, அந்த உள்ளூர் இணைப்பை பிரவுசர் தடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கணினியிலும் உள்வலையிலும் இருப்பவற்றை அணுக அனுமதிக்கலாமா என்று குரோம் இப்போது கேட்கிறது. புரியாமல் "தடு" என்று அழுத்தியிருந்தால் கையொப்பம் ஒருபோதும் வராது. தளத்தின் அனுமதிகளில் அதைத் திருத்தினால் போதும்.

செத்துப்போன துணைநிரல்கள்

அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் பக்கத்தில் ஓடவிட்ட ஃபிளாஷ் துணைநிரலுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தி, 2021 ஜனவரி 12-லிருந்து அதை ஓடவிடாமலே தடுத்தது. பழைய பாடங்கள், விளையாட்டுகள் வேண்டுமென்றால் ரஃபிள் என்ற எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். அது ஃபிளாஷைப் போல நடிக்கும் புது நிரல். பிரவுசரின் பாதுகாப்பு வேலிக்குள்ளேயே ஓடுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் ஃபிளாஷ் சேமிப்புக்குப் பயன்படுத்துவதும் இதைத்தான். பழையவை நன்றாக ஓடும், பிற்கால ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் எழுதியவை சில தடுமாறும். "ஃபிளாஷ் பிளேயர் டவுன்லோட்" என்று வரும் எதையும் தொடாதீர்கள். ஜாவா ஆப்லெட்டுகளுக்கு சீர்ப்ஜே என்ற எக்ஸ்டென்ஷன் இதேபோல உதவும்.

தனி ப்ரொஃபைலா, தனிக் கணினியா?

பழைய ரவுட்டர், ஸ்விட்ச், பிரின்டர் பக்கங்கள் திறக்காததற்குக் காரணம் வேறு. இணைப்பில் போவதை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் முறையில் அவை பேசும் பழைய 1.0, 1.1 பதிப்புகளை குரோம் 84-ஆம் பதிப்பிலும் பயர்ஃபாக்ஸ் 78-ஆம் பதிப்பிலும், இரண்டும் 2020-ல், நிறுத்திவிட்டன. பயர்ஃபாக்ஸின் உள் அமைப்புகளில் அதை மறுபடி இயக்கலாம். ஆனால் இயக்கினால் அது எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். என் அளவுகோலில் இது தோற்கும் வழி, அன்றாடப் பிரவுசரில் செய்தால்.

அதற்குத்தான் ப்ரொஃபைல் இருக்கிறது. பயர்ஃபாக்ஸில் "பழைய கருவிகள்" என்று ஒரு தனி ப்ரொஃபைல் உருவாக்கி, தளர்த்த வேண்டியதையெல்லாம் அதில் தளர்த்துங்கள். அதன் குக்கீகள், கடவுச்சொற்கள், அமைப்புகள் எல்லாம் தனி. வேறு வண்ணத் தீம் போட்டுவிட்டால் எதில் இருக்கிறோம் என்ற குழப்பமும் வராது. இவ்வளவு பயனுள்ள வசதியை இவ்வளவு குறைவானவர்கள் பயன்படுத்துவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ப்ரொஃபைலும் போதாமல் பழைய பிரவுசரே தேவைப்பட்டால், மெய்நிகர் கணினி, அதாவது நம் கணினிக்குள் ஒரு நிரலாக ஓடும் இன்னொரு கணினி. விர்ச்சுவல்பாக்ஸில் பழைய இயங்குதளத்தையும் ஜாவா ஆப்லெட்டை ஏற்ற கடைசி பயர்ஃபாக்ஸான 52-ஆம் நீண்டகாலப் பதிப்பையும் போட்டு, அந்த ஒரு கருவியைத் தவிர வேறெங்கும் போகாதபடி நெட்வொர்க்கை அடைத்துவிடலாம். அமைக்க அரை நாள் பிடிக்கும், கணினியில் இடமும் நினைவகமும் எடுக்கும். பழைய துணைநிரல்களை இன்றும் ஏற்கும் பேல் மூன் பிரவுசரை நேரடியாக நிறுவுவது சுலபம்தான். ஆனாலும் அந்தத் துணைநிரல்களுக்கு இனி யாரும் ஓட்டை அடைக்கப் போவதில்லை என்பதால், அதையும் மெய்நிகர் கணினிக்குள்ளேயே வைக்கச் சொல்வேன்.

பின்னக் குறியாய்த் தெரியும் தமிழ்

நமக்கே உரிய ஒரு வகையும் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முன் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள். தளம் திறக்கும், எழுத்து மட்டும் தெரியாது. எந்தக் குறியாக்கம் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஏற்பாடு) என்பதைக் கண்ணாலேயே ஊகிக்கலாம். கால், அரை, முக்கால் பின்னக் குறிகளும், மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து வந்தால் அது பெரும்பாலும் திஸ்கி. அதில் ட, ண, த மூன்றும் முறையே அந்த மூன்று பின்னங்களின் இடத்தில் இருக்கின்றன. சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினி. அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்களிலும் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்தான். அதற்கு முந்தைய பத்து வருட எழுத்து எத்தனை வடிவங்களில் சிதறிக் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு வழி, அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவுவது. பக்கம் எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் உடனே தமிழ் தெரியும். அது கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். பக்கத்துக்குள் தேட முடியாது, நகலெடுத்து வேறெங்கும் ஒட்ட முடியாது. இன்னொரு வழி, உரையை நகலெடுத்து குறியாக்க மாற்றியில் போட்டு யூனிகோடாக்குவது. கொஞ்சம் கைவேலை, ஆனால் கிடைப்பது நிரந்தரமான தமிழ். ஒரு முறை படிக்கத்தான் என்றால் எழுத்துரு. வைத்துக்கொள்ள வேண்டிய கட்டுரை என்றால் தயங்காமல் மாற்றியைப் பயன்படுத்துங்கள். பக்கத்தைத் திறந்த இடத்திலேயே மாற்றிக் காட்டிய பத்மா என்ற பயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் ஒரு காலத்தில் இருந்தது. 2017 நவம்பரில் பயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை எக்ஸ்டென்ஷன்களைக் கைவிட்டபோது அந்த வழி அடைபட்டது.

எழுத்துருவைத் தானே இறக்கித் தரும் பக்கங்களும் இருந்தன. அதற்கு மைக்ரோசாஃப்டின் இஓடி கோப்பு பயன்பட்டது. எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேறு பிரவுசர் எதுவும் அதை ஏற்கவில்லை. அந்தக் கோப்பு இன்னும் வழங்கியில் இருந்தால், மேலே சொன்ன எக்ஸ்ப்ளோரர் பயன்முறையில் அந்தப் பக்கம் தமிழாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. எதற்கும் முன், அந்த நூல் யூனிகோடில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் திஸ்கியில் வெளியிட்ட நூல்களை யூனிகோடிலும் தருகிறது.

தளக்காரரிடம் சொல்வது

மேலே உள்ளவை எல்லாமே நம் பக்கத்து ஒட்டு வேலைகள். கோளாறு சரியாவது தளத்தை நடத்துபவர் திருத்தினால்தான். அதனால் வேலையை முடித்த கையோடு ஒரு புகாரையும் அனுப்பிவிடுங்கள். பயர்ஃபாக்ஸ் மெனுவில் உடைந்த தளத்தைப் புகாரளிக்கும் வசதி இருக்கிறது. அது மொசில்லாவின் இணக்கக் குழுவுக்குப் போகிறது. பல சமயம் அடுத்த பதிப்புகளில் அந்தத் தளத்துக்கான ஒட்டு வந்துவிடும். தளக்காரருக்கு எழுதும்போது "உங்கள் தளம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பலன் இருக்காது. பக்கத்தின் முழு முகவரி, பிரவுசரின் பெயர், பதிப்பு எண், எந்தப் பட்டனை அழுத்தியபோது என்ன நடந்தது, ஒரு ஸ்கிரீன்ஷாட். எஃப்12 அழுத்திக் கன்சோலில் சிவப்பாகத் தெரியும் வரியையும் சேர்த்தால், நிரல் எழுதுபவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. கடவுச்சொல், ஆதார் எண் போன்றவை ஸ்கிரீன்ஷாட்டில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுத் தளமாக இருந்தால் கூடுதலாக ஒரு வரி எழுதலாம். இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லிருந்து இருக்கின்றன. பல பிரவுசர்களில் சோதித்துத் தடையில்லாமல் திறப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்பது அவற்றிலேயே உண்டு. "குரோமில் மட்டும் பாருங்கள்" என்று பதில் வந்தால் அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதுங்கள்.

பதில் வந்து தளம் திருந்திவிட்டால், அதற்காக வைத்த விதிவிலக்கை அன்றே எடுத்துவிடுங்கள். எக்ஸ்ப்ளோரர் பயன்முறைப் பட்டியலில் 30 நாள் கழிந்து முகவரி விழும்போது, பழக்கத்தில் திரும்பச் சேர்க்காமல், முதலில் சாதாரண டேபில் ஒருமுறை திறந்து பாருங்கள்.